தண்ணி எங்க போகுது?

2022 அக்டோபரில் ஒரு சாயங்காலம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான முதல் சுரங்கம் தோண்டும் இயந்திரம் மாதவரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது, அதற்குப் பெயர் 'நீலகிரி'. குழுவில் இருந்த பாதிப்பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். "நம்ம ஊர் பேருக்கு மரியாதை" என்று ஒருவர் எழுதினார். எனக்கு மட்டும் சுள்ளென்று ஏறியது. அன்று காலைதான் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் மழையில் நின்று, கூட்டத்தில் ஒரு காலை மட்டும் படியில் ஊன்றி ஊட்டிக்குப் போயிருந்தேன். மலைக்குப் போக்குவரத்து என்று ஒன்றும் புதிதாகக் கிடையாது, மலையின் பெயர் மட்டும் சமவெளியில் பள்ளம் தோண்டப் போகிறதா? இதை அப்படியே குழுவில் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

அந்த எரிச்சல் அதோடு போகவில்லை. சென்னை மெட்ரோ பற்றி எங்கே எது கண்ணில் பட்டாலும் படிப்பேன், படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் எரிச்சல்படுவேன். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். இயந்திரங்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் ஆனைமலை, சேர்வராயன், கல்வராயன், கொல்லி என்று தமிழ்நாட்டின் மலைகளையெல்லாம் வரிசையாகக் கீழே இறக்கியிருந்தார்கள். எங்கள் மலை ரயில் மொத்தமே 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிற அந்த ஒரு வண்டியில் இடம் பிடிக்க உலகமே அடித்துக்கொள்கிறது. அதில் குன்னூர்க்காரர்கள் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று கேட்டால், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஏறுகிறோம், அவ்வளவுதான்.

அப்பா இந்தப் புலம்பலில் கலந்துகொள்ளவே இல்லை. முப்பத்தைந்து வருடம் மலை ரயில் பாதையில் வேலை பார்த்தவர். கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர். தோளில் சுத்தியல், கையில் ஸ்பானர், இடுப்பில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. தன் பகுதிக்கான பாதையைத் தினமும் நடந்தே பார்த்து, தளர்ந்த கட்டையைத் தட்டி, ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் பிடிக்கிற பல் தண்டவாளத்தின் போல்ட்டை முறுக்கி, சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருவதுதான் அவருடைய நாள். நான் கத்தி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாதவரத்துல மண்ணா, பாறையா?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த மெட்ரோவைப் பற்றி எனக்கு ரூபாய்க் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் தவிர வேறெதுவுமே தெரியவில்லை.

அத்தை வீட்டுக்கு

2023 தை மாதம் தண்டையார்பேட்டை அத்தை வீட்டில் ஒரு காதுகுத்து. அப்பாவின் ஒரே தங்கை. நாற்பது வருடத்துக்கு முன்னால் மலையிலிருந்து வடசென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம் (ஆமாம், அதுவும் நீலகிரிதான்). விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கினோம். அத்தை மகன் வந்து காத்திருந்தான். டிப்ளமோ சிவில் படித்துவிட்டு மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஒரு நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான். ஆட்டோ பிடிக்கலாம் என்று நான் சொல்ல, "மெட்ரோவுல போலாம் மாமா, ஆறாவது ஸ்டேஷன்தான் நம்மளது, இந்த சென்ட்ரலையும் சேத்து" என்றான். சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை. ஆறும் பூமிக்கடியில்.

நீல வழித்தடத்தில் கடைசி இரண்டும் பிறகு சேர்ந்தவை. 2019 பிப்ரவரியில் வண்டி வண்ணாரப்பேட்டை வரைக்கும் வந்து நின்றது. அங்கிருந்து விம்கோ நகர் வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர் நீட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நீட்டிய பகுதியில் பூமிக்கடியில் இருப்பவை தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் மட்டுமே. அதற்கப்புறம் பாதை மேலேறித் தூண்களின் மேல் போகிறது.

அப்பாவுக்கு முதல் ஏமாற்றம் நடைமேடையில். பூமிக்கடியில் உள்ள நிலையங்களில் நடைமேடைக்கும் பாதைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் உண்டு. வண்டி வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். "தண்டவாளத்தையே கண்ணுல காட்ட மாட்டேங்கறானே" என்றார். காவலாளி ஒருவர் இரண்டு தடவை எங்களைப் பார்த்தார். எழுபது வயது மனிதர் குரங்குக் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாகச் சென்னையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

வண்டிக்குள்ளும் அவர் உட்காரவில்லை. கதவோரம் நின்று சுரங்கத்தின் இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் பாதையிலும் சுரங்கம் உண்டு, பதினாறு. ஆனால் அவையெல்லாம் மலைக்கு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருபவை. பிள்ளைகள் ஓவென்று கத்தி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். இங்கே வெளிச்சம் வரவே இல்லை. நிலையம் வந்தது, மறுபடி இருட்டு, மறுபடி நிலையம். மண்ணடி தாண்டியதும், "இன்னும் மலை முடியலையா?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சுவரில் வைத்த கை

தண்டையார்பேட்டையில் இறங்கி நகரும் படிக்கட்டை நோக்கிப் போகும்போது அப்பா நின்றுவிட்டார். நடைமேடையின் ஓரத்தில், விளம்பரம் எதுவும் ஒட்டாத ஒரு சுவர்ப் பகுதி. அதில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் கையைத் திருப்பி விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி எங்க போகுது?"

அத்தை மகனுக்குப் புரியவில்லை. "குடிக்கவா மாமா? மேல இருக்கு."

"அட அதில்லப்பா. இதுக்கு வர்ற தண்ணி. கடல் பக்கத்துலதான இருக்கு? ரெண்டாள் ஆழம் தோண்டினா தண்ணி வர்ற ஊரு. இவ்வளவு கீழ வந்துட்டோம், செவுரு காஞ்சு கெடக்கு. அந்தத் தண்ணி எங்க போகுது?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மலைப் பாதையில் வேலை பார்த்தவர்களுக்குத் தண்டவாளம் இரண்டாம் பட்சம், தண்ணீர்தான் எல்லாம். ஐப்பசி கார்த்திகையில் கிழக்குச் சரிவில் மழை பிடித்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்காவது மண் இறங்கும், வண்டி நிற்கும். ராத்திரி ஆள் வந்து கதவைத் தட்டினால் அப்பா எழுந்து போவார், மூன்று நாள் கழித்துச் சேறாகத் திரும்பி வருவார். 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தபோது அவர் பார்த்ததை இன்று வரை வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. ஆனால் காரணத்தை மட்டும் அடிக்கடி சொல்வார். மண்ணைத் தள்ளுவது மண் இல்லை, அதற்குப் பின்னால் அடைபட்டு நிற்கும் தண்ணீர். அதனால்தான் கற்சுவருக்கு நடுவில் ஓட்டை விடுகிறார்கள், சுரங்கத்தின் இரண்டு ஓரத்திலும் வாய்க்கால் வெட்டுகிறார்கள். அந்த வாய்க்காலில் இலை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. சுவர் ஒழுகினால் அவருக்குப் பயமில்லை. போன வாரம் ஒழுகிய சுவர் இந்த வாரம் ஒழுகாமல் இருந்தால்தான் பயம். வழி எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு காய்ந்த சுவர் அகப்பட்டால் என்ன செய்வார்?

அத்தை மகன் பையைக் கீழே வைத்தான். அவன் வேலையைப் பற்றி அவனிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். காதுகுத்து வீட்டில் எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தான். பூமிக்கடியில் நிலையம் கட்டும்போது முதலில் பள்ளம் தோண்டுவதில்லையாம், சுவரைத்தான் கட்டுகிறார்களாம். சாலை மட்டத்திலிருந்தே ஒடுக்கமாக, ஆழமாக ஒரு அகழி வெட்டுவது. அது சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்புவது. அதற்குள் கம்பிக் கூண்டை இறக்கி அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவது. கான்கிரீட் ஏற ஏறக் கரைசல் மேலே வந்துவிடும். இப்படி நாலு பக்கமும் மண்ணுக்குள்ளேயே சுவர் எழுந்த பிறகுதான் நடுவில் இருக்கும் மண்ணை எடுக்கிறார்கள். சில இடங்களில் கூரையை முதலில் போட்டு, சாலையைத் திறந்துவிட்டு, அதற்குக் கீழே தோண்டிக்கொண்டே இறங்குவார்கள். வேலை முடியும்வரை பம்பு வைத்து நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள்.

"வேலை முடிஞ்சு பம்ப நிறுத்தினதும் தண்ணி திரும்பப் பழைய மட்டத்துக்கு வந்துரும் மாமா. அப்போ இந்த மொத்த ஸ்டேஷனும் தண்ணிக்குள்ள வெச்ச காலி டப்பா மாதிரி. கீழ இருந்து மேல தள்ளும். மிதக்கப் பாக்கும்."

அப்பாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

"கப்பலா?"

"கப்பல் மிதக்கணும் மாமா. இது மிதக்கக் கூடாது. அதுக்குத்தான் அடித்தளத்தை அவ்ளோ கனமாப் போடறது. மேல மண்ணு பாரம், சைடு செவுரு, எல்லாம் சேந்து அழுத்திப் பிடிச்சிட்டு இருக்கு."

சுரங்கத்துக்கும் அதே கதைதான் என்றான். இயந்திரத்தின் முகப்பில் உள்ள வட்டத் தலை சுழன்று மண்ணைச் சீவும். சீவிய மண்ணை ஒரேயடியாக வெளியே தள்ளாமல், மேலே இருக்கும் சாலை உட்காராதபடி முகப்பில் அழுத்தம் காத்து அளந்து அளந்து எடுக்கும். பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டு போகும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை, வளையத்துக்கு வெளியே உள்ள இடைவெளியில் சிமெண்ட் கலவை. கடைசியாகப் பூட்டிய வளையத்தில் ஜாக்கிகளை ஊன்றித்தான் இயந்திரம் தன்னையே முன்னால் தள்ளிக்கொள்கிறது. முன்னால்தான் போகும், பின்னால் வரவே முடியாது, ஏனென்றால் அது கட்டிவிட்டு வந்த வளையம் அதைவிடச் சின்னது. இதைக் கேட்டு அப்பா தலையாட்டினார். எங்கள் நீராவி எஞ்சினும் பெட்டிகளுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் நின்றுகொண்டு மலைமேல் தள்ளுகிற ஜாதிதான். தள்ளுகிறவனின் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

"இவ்ளோ பண்ணியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது ஓடி வந்து தாழ்வான எடத்துல இருக்கற குழியில சேரும். பம்பு இறைச்சு மேல விட்டுரும்."

"பம்பு நின்னா?"

"இன்னொரு பம்பு இருக்கு."

"அதுவும் நின்னா?"

அத்தை மகன் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த 'அதுவும் நின்னா' என்ற கேள்விக்குத்தான்.

மலையில் தண்ணீருக்கு வழி விட்டால் சுரங்கம் நிற்கும், கடலோரத்தில் தண்ணீரை வெளியிலேயே நிறுத்தினால்தான் சுரங்கம் நிற்கும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. மூன்று மாதமாக ரூபாய்க் கணக்கை வைத்துக்கொண்டு நான் கத்திய அந்த மெட்ரோவுக்குள் இப்படி ஒரு பிடிவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. பெயர் வைத்தது பொருத்தமா இல்லையா என்ற என் சண்டை அந்த நடைமேடையில் ரொம்பச் சின்னதாகிப் போனது. முழுசாகத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

மேலே வந்தால் வாசலில் இன்னொரு வேடிக்கை. நிலையத்தின் வாய், சாலையைவிட உயரத்தில் மேடை கட்டி அமைந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் உள்ளே இறங்கக் கூடாது என்பதற்காக. அதாவது கீழே போக வேண்டிய ஆள் முதலில் சில படி மேலே ஏற வேண்டும். முட்டிவலிக்காரரான அப்பா படியில் உட்கார்ந்தே ஓய்வெடுத்தார். "இது சரி. இத யாரோ மழைய பாத்தவன் கட்டியிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து அன்று வந்த ஒரே பாராட்டு அதுதான்.

கடைசி நிலையமாக இருப்பது

திரும்பி வரும்போது ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை, இந்த 'நீட்டிப்பு' என்ற சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரும் ஒரு காலத்தில் கடைசி நிலையம்தான். 1899-இல் மலை ரயில் குன்னூர் வரைக்கும்தான் வந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908-இல். நடுவில் ஒன்பது வருடம் வண்டி இங்கேயே முடிந்தது. இன்றைக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி குன்னூருக்குள் வந்து நின்ற பிறகு, கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையில் ஏற வேண்டும். இங்கேதான் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அந்த இடைவெளியில் வடை வாங்குவார்கள். வண்டி ஏன் பின்னால் போகிறது என்று யாராவது கேட்டால் அப்பா சொல்வார்: "இது முடியற எடம்னு நெனச்சுக் கட்டினது. அப்புறம் மனசு மாறிட்டாங்க."

ஒன்பது வருடக் குன்னூர் எப்படி இருந்திருக்கும்? ஊட்டிக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் இங்கே இறங்கி மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ பேச வேண்டும். சுமை தூக்க ஆள், தங்க இடம், சாப்பாடு. 1908-க்குப் பிறகு அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பாதை நீளும்போது கடைசியில் இருக்கிறவனுக்கு லாபம் என்று எல்லோருக்கும் தெரியும். நேற்று வரைக்கும் கடைசியாக இருந்தவனின் கணக்கை யாரும் போடுவதில்லை.

பூமிக்கடியில் நீளும்போது இன்னொரு கணக்கும் உண்டு. 2016-இல் வேலை தொடங்கி முடிகிற வரைக்கும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சைத் தகரத் தடுப்பு. அத்தை அதைப் பற்றிப் பேசும்போது குறை சொல்கிற தொனியே இருக்காது. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல, "தகரம் இருந்துச்சு" என்பார். "தகரம் இருந்த வருஷத்துல" என்று காலத்தைக் குறிப்பார். மூத்தவளுக்குக் கல்யாணம் தகரத்துக்கு முந்தி, பேரன் பிறந்தது தகரத்தின் போது. ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் கொஞ்சம் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள்.

சரி, இப்போது மெட்ரோவில் ஏறுகிறீர்களா என்று கேட்டேன். "நான் எதுக்கு? எனக்கு பஸ்ஸு ஃப்ரீ" என்றார். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மெட்ரோவில் குறைந்தது பத்து ரூபாய். துணி வாங்க அவர் போகிற இடமெல்லாம் பேருந்திலேயே போய்விடலாம். ஏறுகிறவன் அவர் மருமகன், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் வேலை இடத்தில் இறங்குகிறான். முன்பு இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். இப்போது ராத்திரி வீட்டுக்கு வந்து பிள்ளையோடு சாப்பிடுகிறான் என்றார் அத்தை. தகரத்தோடு ஐந்து வருடம் வாழ்ந்தது ஒருத்தி, ஏறுகிறவன் இன்னொருத்தன். ஆனால் ஒரே வீடு. இதை லாபம் என்று எழுதுவதா நஷ்டம் என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையைக் கேட்டால் கேள்வியே புரியாது.

எங்கள் ரயிலோ யாரும் வேலைக்குப் போகாத ரயிலாகிவிட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்கும் வெலிங்டனுக்கும் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேலே நீல நிறப் பெட்டி கை காட்டிக்கொண்டே போகிறது. என் உண்மையான கோபம் மாதவரத்து இயந்திரத்தின் மேல் இல்லை, இதன் மேல்தான் என்று புரிய எனக்குத் தண்டையார்பேட்டை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் அப்பா டீக்கடையில் தன் பழைய கேங் ஆட்களிடம் இரண்டு வாரம் இதையே பேசினார். "ஸ்டேஷனு மிதக்கப் பாக்குதாம்டா, புடிச்சு வெச்சிருக்கானுங்க." யாரும் நம்பவில்லை. நீலகிரி இயந்திரத்தைப் பற்றி அத்தை மகனிடம் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது வேணுகோபால் நகரில் மண்ணைக் கிழித்து வெளியே வந்த வீடியோவை அவன் அனுப்பினான். அப்பா என் கைபேசியை வாங்கி மூன்று தடவை பார்த்தார். வட்டத் தலையிலிருந்து சேறு வழிந்தது. "பாவம், நல்லா நனைஞ்சிருக்கு" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் அத்தையின் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்ததும் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"ஏம்மா, ஸ்டேஷனுக்குள்ள தண்ணி போச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அத்தையின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலேயே எனக்குக் கேட்டது.

"அதுக்கு ஒண்ணும் ஆகலண்ணா. அத ஒசரமா கட்டி வெச்சிருக்கான். வீட்டுக்குள்ள வந்துச்சான்னு கேக்க மாட்டியா?"